ஊராரின் பணம், ஊராரின் அதிகாரம்

உலை வைக்கும் பொறுப்பு ஒருவருக்கு, அரிசி அளந்து போடும் உரிமை வேறொருவருக்கு என்று ஒரு வீட்டில் ஏற்பாடு செய்துவிட்டால், அந்த வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியுமா? பசித்த பிள்ளைகள் உலை வைப்பவரைத்தான் நொந்துகொள்வார்கள். அரிசிப் பானையின் சாவியை வைத்திருப்பவரோ அவர்களது அழுகுரல் எட்டாத தொலைவில் இருப்பார். நம் கிராம ஊராட்சிகளின் நிலை ஏறத்தாழ இதுவேயாகும். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும், குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும், மழைநீர் வடியாமல் தெருவில் தேங்கி நின்றாலும், நாம் முதலில் தேடிச் செல்வது ஊராட்சித் தலைவரை. அவரிடம் கேட்பது முறையே. ஆனால், அவ்வேலைகளைச் செய்து முடிக்கப் போதிய பணமும், அப்பணத்தை ஊரின் தேவையறிந்து செலவிடும் அதிகாரமும் அவர் தலைமை ஏற்கும் மன்றத்திடம் உள்ளனவா என்று நாம் கேட்பதில்லை.

இக்கேள்வியைக் கேட்கும் உரிமை காஞ்சிபுரம் மாவட்டத்து மானாம்பதி மக்களுக்குச் சற்று கூடுதலாகவே உண்டு. உத்திரமேரூர் ஊராட்சி ஒன்றியத்தில் உள்ள 73 கிராம ஊராட்சிகளுள் மானாம்பதியும் ஒன்று. அந்த ஒன்றியத்தின் தலைமையிடமான உத்திரமேரூரில்தான், ஓர் ஊர் தன்னைத் தானே ஆண்டுகொண்ட முறையை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்தார்கள். குடவோலை என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் படிக்காத தமிழ்ப் பிள்ளை இல்லை. அந்தப் பெருமையை மேடைதோறும் பேசுகிறோம். அந்தக் கல்வெட்டு பணத்தைப் பற்றியும் கணக்கைப் பற்றியும் சொல்வதை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். நாம் இன்று கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது.

கல்லில் வெட்டிய சட்டம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள இரண்டு கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழனின் காலத்தவை. ஒன்று அவனது 12-ஆம் ஆட்சியாண்டிலும் (கி.பி. 919), மற்றொன்று 14-ஆம் ஆட்சியாண்டிலும் (கி.பி. 921) பொறிக்கப்பட்டவை. அரசாணையோடு வந்த அதிகாரி உடனிருக்க, ஊர்ச் சபையார் கூடி இம்முடிவுகளைச் செய்தனர். முதலில் செய்த ஏற்பாட்டை இரண்டே ஆண்டுகளில் திருத்தி, விரிவாக்கி மறுபடியும் வெட்டியிருக்கிறார்கள். சட்டம் நடைமுறையில் எங்கே ஓட்டையாகிறது என்று கண்டு அடைக்கும் கவலை அவர்களுக்கு இருந்தது என்பது இதனால் தெளிவாகிறது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டு, எழுத்தறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வாரியங்களாகப் பிரிந்து பணியாற்றினர். ஆண்டு வாரியத்திற்கு 12 பேர், தோட்ட வாரியத்திற்கு 12 பேர், ஏரி வாரியத்திற்கு 6 பேர். இவற்றோடு பொன் வாரியம், பஞ்சவார வாரியம் ஆகியவற்றிற்கும் அறுவர் அறுவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பதவிக் காலம் 360 நாள்கள். ஒருமுறை வாரியப் பணி செய்தவர் அடுத்த மூன்றாண்டுகளுக்கு மறுபடியும் வர இயலாது.

இந்த வாரியங்களின் பெயர்களைச் சற்று கவனிப்போம். ஏரி, தோட்டம், பொன். இவையனைத்தும் ஊரின் செல்வங்கள். நிலவரியை ஊரில் திரட்டி அரசனது பங்கைச் செலுத்தும் பொறுப்பு சபையிடம் இருந்தது. அறக்கட்டளையாக வந்த பொன்னைப் பெற்று, அதன் வட்டியிலிருந்து குறித்த பணியை என்றென்றும் செய்துவருவதாகச் சபை உறுதியளித்தது. ஏரியைத் தூர்வாரவும் கரையைப் பலப்படுத்தவும் நிலமும் பொன்னும் ஒதுக்கப்பட்டன. தண்டமாக வந்த தொகையும் ஊரிடமே சேர்ந்தது. வேலையும் வருவாயும் ஒரே கையில் இருந்தமையால்தான், சபையின் சொல்லுக்கு ஊரில் மதிப்பு இருந்தது.

கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை

பணம் இருக்கும் இடத்தில் திருட்டும் எட்டிப் பார்க்கும் என்பதை அச்சபையார் நன்கறிந்திருந்தனர். வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்று விதித்தனர். அவனோடு நிறுத்தவில்லை. அவனுடைய தந்தை, மகன், உடன்பிறந்தோர், தாய்மாமன், சிற்றன்னை பெரியன்னை மக்கள், மாமனார், மைத்துனன் என்று நெருங்கிய உறவினரை வரிசையாகக் குறிப்பிட்டு, அவர்களையும் விலக்கினர். பிறர் பொருளைக் கவர்ந்தவனுக்கும் இடமில்லை. தவறு செய்ததாகக் கண்டறியப்பட்ட வாரிய உறுப்பினரை அப்போதே நீக்கவும் வழி செய்திருந்தனர்.

கணக்கு எழுதுபவருக்கும் விதி உண்டு. அவர் நேர்மையாகப் பொருளீட்டியவராக இருத்தல் வேண்டும். தாம் எழுதிய கணக்கைத் தாமே கொண்டுவந்து பெரியோர் முன் ஒப்படைத்து, தூயவர் என்று ஏற்கப்பட்ட பிறகே மீண்டும் அப்பணிக்கு வரலாம். அவர் எழுதிய கணக்கை முடித்து வைக்க வேறொரு கணக்கரைக் கொண்டுவருதல் கூடாது. பழைய கணக்கு புதியவர் தலையில் விழுவதும், புதியவர் பழையவர்மீது பழி போடுவதும் நாம் இன்றும் காணும் காட்சிகளே அல்லவா?

இவ்வளவும் சொல்லும்போது மற்றோர் உண்மையை மறைப்பது நேர்மையாகாது. உத்திரமேரூர் ஒரு பிரமதேய ஊர். குடத்தில் பெயர் இடப்படுவதற்கு வரி செலுத்தும் சொந்த நிலம் கால் வேலிக்குமேல் இருக்க வேண்டும். வேதம் கற்றோர்க்கு அரைக்கால் வேலி போதும் என்று சலுகை தரப்பட்டது. சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35 முதல் 70-க்குள் இருக்க வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். பெண்களுக்கு அங்கே இடமில்லை. உழுதவருக்கும், ஏரியில் மண் சுமந்தவருக்கும் இடமில்லை. ஆகவே, அதை மக்களாட்சியின் முழு வடிவம் என்று கொண்டாடுவது பொருந்தாது. ஊர்ப் பணத்தைக் கையாளுபவர் ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற நெறியை அங்கிருந்து எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் அந்த ஊரில் பங்கு உண்டு என்ற நெறியை இன்றைய அரசியலமைப்பிலிருந்து எடுத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்தால்தான் நமக்கு வேண்டிய ஊராட்சி கிடைக்கும்.

ஊரின் பங்கு எங்கே போயிற்று?

சோழர் வீழ்ச்சிக்குப் பின்னர் சபைகளின் வலிமை சிறிது சிறிதாகக் குன்றியது. ஆயினும், ஊர் விளைச்சலில் ஊருக்கென்று ஒரு பங்கை முதலில் எடுத்து வைக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1763-இல் செங்கற்பட்டுச் சீமையைப் பெற்ற பின், தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர் 1767-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் அச்சீமையின் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். களத்துமேட்டில் நெல் அளக்கும்போது ஏரிக்கு, கோயிலுக்கு, கணக்கருக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, காவலருக்கு, வெட்டியாருக்கு என்று சுதந்திரமும் மேரையும் ஒதுக்கப்பட்டதை அக்கணக்குகள் காட்டுகின்றன. அந்தப் பங்கீட்டிலும் சாதியின் ஏற்றத்தாழ்வு இருந்தது. எனினும், ஊர்ப் பணிகளுக்கான பொருள் ஊரிலேயே தங்கியது.

கம்பெனியார் நாளடைவில் இம்முறையை மாற்றினர். இரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வொரு குடியானவரிடமும் நேரே வரி வாங்கியது. மணியக்காரரும் கர்ணமும் அரசின் ஊழியர்களானார்கள். வருவாய் முழுவதும் கருவூலத்திற்குச் சென்றது. ஏரிக்கரை உடைந்தால் ஊரார் மனு எழுதிக் காத்திருக்க வேண்டியதாயிற்று. மராமத்துக்குப் பணம் அனுப்பாமலே ஊராரை வேலைக்கு அழைக்க 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஒரு காலத்தில் ஊரின் உரிமையாயிருந்த குடிமராமத்து அரசின் கட்டளையாயிற்று.

இன்றும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. 100 ஏக்கருக்கு மேல் பாசனம் தரும் ஏரிகள் மாநில அரசின் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் உள்ளன. ஏரி வாரியம் கண்ட வட்டாரத்தில், கிராம ஊராட்சி தன் ஊரின் ஏரியைப் பற்றித் தீர்மானம் போடலாம். மதகைச் சீர்செய்யும் முடிவு வேறிடத்தில் இருக்கிறது.

ரிப்பன் பிரபு முதல் காமராசர் வரை

நவீன உள்ளாட்சியின் தோற்றத்தை 1882 மே 18-ஆம் நாளைய ரிப்பன் பிரபுவின் தீர்மானத்தோடு தொடங்குவது வழக்கம். மக்கள் அரசியற் பயிற்சி பெற வேண்டும். அதற்கு உள்ளூர் மன்றங்களே பள்ளிக்கூடம் என்பது அவரது கருத்து. அதன் விளைவாகச் சென்னை மாகாணத்தில் 1884-இல் தலஸ்தாபனச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டு, தாலுக்கா போர்டு, அதன் கீழ் யூனியன் என்று மூன்று அடுக்குகள் ஏற்பட்டன. 1920-இல் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் நிறைவேறியது. விடுதலைக்குப் பின், 1950-ஆம் ஆண்டுச் சட்டமும், அதையடுத்து 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன.

காமராசர் முதலமைச்சராயிருந்தபோது இயற்றப்பட்ட அந்த 1958-ஆம் ஆண்டுச் சட்டம், பணத்தைப் பற்றித் தெளிவாகச் சிந்தித்தது. ஊராட்சி ஒன்றியங்கள் தோன்றின. தொடக்கப் பள்ளிகளும் சாலைகளும் அவற்றின் பொறுப்பாயின. நிலவரியில் ரூபாய்க்கு 45 காசு தலவரியாக உள்ளாட்சிக்குக் கிடைத்தது. ஊராட்சி எவ்வளவு வீட்டுவரி திரட்டுகிறதோ, அவ்வளவு தொகையை அரசும் இணை மானியமாகக் கொடுத்தது. ‘நீ ஒரு ரூபாய் சேர்த்தால் நான் ஒரு ரூபாய் தருகிறேன்’ என்று பிள்ளையிடம் தந்தை சொல்வது போன்ற ஏற்பாடு அது. வரி செலுத்துவதிலும் வசூலிப்பதிலும் ஊருக்கு ஓர் ஊக்கம் இருந்தது.

தேர்தல் நடவாத ஆண்டுகள்

ஆனால், கட்டிய வீட்டில் குடியிருக்க விடவில்லை. 1970-க்குப் பின் தமிழகத்தில் ஊராட்சித் தேர்தல் நடைபெற்றது 1986-இல்தான். பதவிக்காலம் முடிந்த இடங்களில் தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டார்கள். 1986-இல் வந்தவர்களின் காலம் முடிந்த பின்னும் 1996 வரை அதே கதை. இக்கொடுமைக்கு முடிவு கட்டவே அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு, மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம், மக்கள் அனைவரும் கூடும் கிராம சபை ஆகியவற்றுக்கு அது வழி செய்தது. மாநிலங்கள் விரும்பினால் ஊராட்சிகளிடம் ஒப்படைப்பதற்கு 29 துறைகளையும் பட்டியலிட்டது. அதற்கேற்பத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் பிறந்தது. 1996, 2001, 2006, 2011 ஆகிய ஆண்டுகளில் தேர்தல்கள் ஒழுங்காக நடைபெற்றன.

பின்னர் 2016-இல் மறுபடியும் தடங்கல் ஏற்பட்டது. அறிவிக்கப்பட்டிருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4-ஆம் நாள் இரத்துச் செய்தது. அம்மாதத்திலேயே பழைய மன்றங்களின் காலமும் முடிந்தது. 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களில் வார்டு வரையறை முடியவில்லை என்பதால் காஞ்சிபுரம் உள்ளிட்ட 9 மாவட்டங்கள் விடப்பட்டன. அங்கு வாக்குப் பதிவு நடந்தது 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில்தான். ஆக, மானாம்பதியும் உத்திரமேரூர் ஒன்றியத்தின் மற்ற ஊர்களும் முழுமையாக ஐந்தாண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமின்றி இருந்தன. ஒரு பதவிக் காலமே காணாமற் போயிற்று! 360 நாள் முடிந்ததும் பதவியைவிட்டு இறங்க வேண்டும் என்று கல்லில் எழுதி வைத்த மண்ணில், 1,800 நாள்களாகக் குடமும் இல்லை, ஓலையும் இல்லை.

இந்த இடைவெளிக்குக் கொடுத்த விலை சிறிதன்று. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊராட்சிகளுக்கு உரியதான 14-ஆவது நிதிக்குழு மானியத்தை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. அதை விடுவிக்கும்படி மாநில அரசு வேண்டிக்கொண்டே இருந்தது. தேர்தலை நடத்தாதவர்கள் வேறு. குடிநீருக்கும் கழிவுநீர்க் கால்வாய்க்கும் பணமின்றித் தவித்தவர்கள் வேறு. குற்றம் ஓரிடம், தண்டனை ஓரிடம் என்பது இதுதானே!

பணம் வரும் வழியும் போகும் வழியும்

கிராம ஊராட்சிக்கு வருவாய் எங்கிருந்து வருகிறது? வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம், தொழில் உரிமக் கட்டணம், சந்தை வசூல், குட்டைகளின் மீன்பாசிக் குத்தகை ஆகியவை அதன் சொந்த வருவாய். பத்திரப் பதிவின் மீதான கூடுதல் தீர்வை, கனிமங்களுக்கான உரிமைத் தொகை போன்றவை அரசு வசூலித்துப் பகிர்ந்து தருபவை. இவற்றுக்கு மேலாக, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஒரு பகுதி உள்ளாட்சிகளுக்கு வருகிறது. ஐந்தாவது மாநில நிதி ஆணையம் இதனை 100-க்கு 10 என்று வைத்தது. நகரங்களும் கிராமங்களும் அந்தப் பத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கிராமங்களின் பங்கிலும் மாவட்ட ஊராட்சிக்கும் ஒன்றியத்திற்கும் உரியது போகத்தான் கிராம ஊராட்சிக்குக் கிடைக்கிறது.

நகரையொட்டிய ஊர்களில் தொழிற்சாலைகளும் வீட்டுமனைகளும் பெருகியிருப்பதால் வரியும் கட்டணமும் ஓரளவு குவிகின்றன. அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் பகுதிகளின் ஊராட்சிகளையும், நெல் விளைவிக்கும் உத்திரமேரூர்ப் பகுதியின் ஊராட்சிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். கூரை வீடும் ஓட்டு வீடும் சிறு கடைகளும் உள்ள ஊரில் வீட்டுவரியை முழுவதும் வசூலித்தாலும் எவ்வளவு தேறும்?

வந்த பணமும் முழுச் சுதந்திரத்தோடு கைக்கு வருவதில்லை. ஊராட்சியின் பணம் தனித்தனிக் கணக்குகளில் வைக்கப்படுகிறது. மின்கட்டணத்திற்கும் குடிநீர் வடிகால் வாரியத்திற்கும் செலுத்த வேண்டிய தொகைக்கு ஒரு கணக்கு. திட்டப் பணிகளுக்கு ஒரு கணக்கு. பொது நிதிக்கு ஒரு கணக்கு. மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டாரும் தெருவிளக்குகளும் மாதந்தோறும் விழுங்கும் மின்கட்டணம் சிற்றூர்களுக்குப் பெருஞ்சுமை. 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை பரிந்துரைத்த மானியத்திலும் 100-க்கு 60 பங்கு குடிநீர், துப்புரவு ஆகியவற்றுக்கென்றே கட்டி வைக்கப்பட்டது. 40 பங்கையே ஊர் தன் விருப்பப்படி செலவிட இயன்றது. குடிநீரும் துப்புரவும் தேவையற்றவை என்று யார் சொல்வார்? ஆனால், பாலம் உடைந்து பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடியாத ஊரில், முதல் தேவை எது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவ்வூரார் அல்லவா?

அண்டை மாநிலமான கேரளம் 1996-இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்டச் செலவில் 100-க்கு 35 முதல் 40 வரை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. அங்கும் குறைகள் உண்டு. எனினும், பணமும் பொறுப்பும் சேர்ந்து செல்ல வேண்டும் என்பதற்கு அது அருகிலுள்ள சான்று.

நாற்காலி இருந்தும் அதிகாரம் இல்லாதவர்கள்

பணத்தைப் போலவே அதிகாரத்திற்கும் பல பூட்டுகள் உண்டு. ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர், உரிய விசாரணைக்குப் பின் தலைவரைப் பதவி நீக்கம் செய்யச் சட்டம் இடமளிக்கிறது. தவறு செய்பவரைத் தடுக்க ஒருவர் வேண்டும் என்பது உண்மையே. ஆனால், மக்கள் தேர்ந்தெடுத்தவரை நியமன அதிகாரி அகற்றலாம் என்னும்போது, தலைவரின் கண் கிராம சபையைவிட ஆட்சியர் அலுவலகத்தையே அதிகம் நோக்கும்.

இதனினும் கொடிய பூட்டு ஊருக்குள்ளேயே இருக்கிறது. மதுரை மாவட்டம் மேலவளவில் தலித் சமூகத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த நாற்காலியில் அவர் அமர்ந்ததே குற்றமாகக் கருதப்பட்டது. அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் தனித் தொகுதி என்ற காரணத்தால் பத்தாண்டுகள் தேர்தலே ஒழுங்காக நடைபெற விடாமல் தடுத்தார்கள். 2006-இல்தான் அங்கே வழி பிறந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டு விலக்கி வைத்தவர்களைச் சட்டம் இன்று அவைக்கு அழைத்து வந்திருக்கிறது. ஊர் வழக்கமோ அவர்களை வாசலிலேயே நிறுத்தப் பார்க்கிறது.

பெண்களுக்குப் பாதி இடங்கள் என்ற சட்டத் திருத்தம் 2016-இல் வந்தது. 2019, 2021 ஆகிய ஆண்டுகளின் தேர்தல்களில் அது நடைமுறையாயிற்று. ஆயினும், மனைவி தலைவர், ஆள்பவர் கணவர் என்ற நிலை எத்தனை ஊர்களில்! கையெழுத்து அவளுடையது, முடிவு அவனுடையது என்றால், நாளை கணக்கில் தவறு வரும்போது விசாரணைக்கு நிற்பவள் அவள்தான். நம் இல்லங்களில் பெண்கள் ஒரு ரூபாயை எட்டாகப் பிரித்துச் செலவு செய்யும் திறமையை நாள்தோறும் காண்கிறோம். அந்தத் திறமையை ஊரின் கணக்குப் புத்தகத்தருகே வரவிடாமல் தடுப்பது ஊருக்கே இழப்பாகும்.

முடியும் என்று காட்டிய ஊர்

இவ்வளவு இடர்களுக்கிடையிலும் ஓர் ஊராட்சி தலைநிமிர முடியுமா? முடியும் என்று கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி காட்டியது. மின்கட்டணம் ஏறிக்கொண்டே போவதைக் கண்ட அவ்வூராட்சி, 2006-இல் சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. ஊராட்சி சேர்த்து வைத்திருந்த பணம் ஒரு பகுதி. வங்கிக் கடன் மறு பகுதி. தன் தெருவிளக்குக்கும் நீரேற்றத்திற்கும் வேண்டிய அளவுக்கு மேல் மின்சாரம் உற்பத்தியாயிற்று. மிச்சத்தை மின்வாரியத்திற்கு விற்றது.

எல்லா ஊரிலும் காற்று வீசாது. எல்லா ஊருக்கும் காற்றாலை பொருந்தாது. ஓடந்துறையிடம் கற்க வேண்டியது வேறு. அந்த ஊராட்சி தன் வரவையும் செலவையும் அறிந்திருந்தது, எங்கே பணம் ஒழுகுகிறது என்று கண்டது, சேமித்தது, கடன் கொடுக்க வங்கி முன்வரும் அளவுக்குக் கணக்கைச் சுத்தமாக வைத்திருந்தது. கணக்குச் சுத்தமாக இருக்கும் ஊரின் சொல்லுக்கு மேலிடத்திலும் மதிப்புண்டு.

நாம் செய்யக்கூடியவை

மானாம்பதியிலோ, அதுபோன்ற வேறு ஊரிலோ வாழும் ஒரு குடும்பம் இதற்கு என்ன செய்ய முடியும்? சட்டத்தைத் திருத்துவது நம் கையில் இல்லை. ஆனால் சட்டம் ஏற்கெனவே நம் கையில் கொடுத்திருப்பதைப் பயன்படுத்தலாம்.

முதலாவது, வீட்டுவரியைக் காலத்தில் செலுத்தி இரசீது பெறுவோம். தேர்தல் வருகிறதே என்று வரியை வசூலிக்கத் தயங்கும் தலைவரும், அவர் தயக்கத்தில் மகிழும் நாமும் சேர்ந்து ஊரின் கையைக் கட்டுகிறோம். தன் வருவாய் குறைந்த ஊராட்சி மானியத்திற்குக் கையேந்தியே நிற்கும். வரி கொடுத்தவனுக்கே கேள்வி கேட்கும் துணிவும் வரும்.

இரண்டாவது, கிராம சபைக்குப் போவோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் 2022 முதல் சேர்க்கப்பட்டு, ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் என்று வகுக்கப்பட்டுள்ளது. குறித்த எண்ணிக்கையில் மக்கள் வராவிட்டால் கூட்டம் செல்லாது. நாம் வீட்டிலிருக்க, நம் கையொப்பம் மட்டும் புத்தகத்தில் ஏறிவிட்டால், நாம் ஏற்காத தீர்மானங்களுக்கும் நாமே பொறுப்பாகிறோம். பெண்கள் தனித்தனியாகச் செல்லத் தயங்கினால், அண்டை வீட்டாரோடு சேர்ந்து செல்லலாம். மகளிர் குழுக்களின் சேமிப்புக் கணக்கை எழுதிப் பழகியவர்களுக்கு ஊராட்சியின் வரவுசெலவு புரியாத பொருளன்று.

மூன்றாவது, கணக்கைக் கேட்போம். சென்ற ஆண்டு வந்த தொகை எவ்வளவு, மின்கட்டணத்திற்கு எவ்வளவு, குழாய் பழுதுபார்க்க எவ்வளவு, எந்தத் தெருவில் என்ன வேலை நடந்தது என்று அமைதியாகக் கேட்பது பகைமையன்று. நேர்மையான தலைவருக்கு அக்கேள்வியே பலம். ‘பணம் வரவில்லை’ என்று அவர் சொன்னால், வராத பணம் எங்கே தங்கியிருக்கிறது என்று மேலிடத்தைக் கேட்கும் தீர்மானத்தை அதே கிராம சபையில் நிறைவேற்றலாம். அப்போது தலைவர் தனியாக நிற்கமாட்டார். ஊரே அவர் பின்னால் நிற்கும்.

நான்காவது, தேர்தல் உரிய காலத்தில் நடக்க வேண்டும் என்று வற்புறுத்துவோம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் பொறுப்பேற்ற மன்றங்களுக்கு அரசியலமைப்புத் தந்த ஆயுள் 2026 அக்டோபர் வரைதான். 2019-இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊராட்சி மன்றங்கள் 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு காலம் முடிந்து, மறு தேர்தல் நடவாமல் தனி அலுவலர்களிடம் சென்றன என்பதை மறந்துவிடலாகாது. சட்டமன்றத்திற்கோ நாடாளுமன்றத்திற்கோ தேர்தலை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட எவராவது துணிவார்களா? ஊருக்கு மட்டும் ஏன் இந்தப் பொறுமை?

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் அந்த எழுத்துகள் இன்றும் இருக்கின்றன. அவற்றை வெட்டியவர்கள் தம் ஊரின் ஏரியும் பொன்னும் தம்முடையவை என்று எண்ணினார்கள். ஆகவேதான், கணக்குக் காட்டாதவனை அவ்வளவு கடுமையாக விலக்கினார்கள். தன்னுடையது என்ற எண்ணம் உள்ள இடத்தில்தான் கணக்குக் கேட்கும் அக்கறை பிறக்கும். நம் ஊர்க் குழாயும், தெருவிளக்கும், குளமும், பள்ளிக்கூடச் சாலையும் அரசாங்கத்தின் பொருள் என்ற எண்ணத்தை விட்டு, அவை நம் குடும்பச் சொத்தின் ஒரு பகுதி என்று கருதத் தொடங்குவோமாக. அடுத்த கிராம சபைக் கூட்டத்தின் நாளை இன்றே நம் வீட்டு நாட்காட்டியில் குறித்து வைப்போம்.